அரசு மருத்துவமனை இருக்கும்போது தனியார் மருத்துவக் காப்பீடு எதற்கு?

கேள்வி இதுதான்: திருச்சியில் மாதம் 45,000 ரூபாய் சம்பளம். வீட்டில் மனைவி, 6 வயது மகள், சர்க்கரையும் பி.பி.யும் உள்ள 63 வயது அம்மா. அலுவலகத்தில் 3 லட்சத்துக்குக் குழுக் காப்பீடு உண்டு; அதில் அம்மா இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் நன்றாகத்தானே நடக்கின்றன, தனியாக பாலிசி எடுத்து ஆண்டுக்கு முப்பது நாற்பதாயிரம் கட்டுவது வீணா, தேவையா?

இரண்டில் எது மேல் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அரசு மருத்துவமனை வைத்தியம் பார்க்கிற இடம். பாலிசி என்பது குறிப்பிட்ட சில சூழல்களில் பில்லைக் கட்டுவதாக ஒரு கம்பெனி எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். அந்தச் சூழல்களுக்கு வெளியே வரும் நோய்தான் ஒரு குடும்பத்தில் அதிகம். அதனால் எந்த நோய்க்கு எங்கே போவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு இரண்டுமே வேண்டும், ஆனால் வெவ்வேறு வேலைகளுக்கு.

முதலில் பாலிசி தொடவே தொடாத பகுதி. சாதாரண பாலிசி, உள்நோயாளியாகக் குறைந்தது 24 மணி நேரம் சேர்ந்தால்தான் பணம் தரும். கண்புரை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்ற பகல்நேரச் சிகிச்சைகள் மட்டும் இதற்கு விலக்கு. அம்மாவின் மாதாந்திர மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் எதுவும் இதில் வராது. சர்க்கரைக்காரர் வீட்டில் வருடா வருடம் நிச்சயமாகக் கரைகிற பணம் இதுதான். இதை ஆரம்ப சுகாதார நிலையம் இலவசமாகச் செய்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், அடோர்வாஸ்டாடின், இன்சுலின் எல்லாம் அரசுக் கொள்முதலில் உள்ளவை. பதிவு செய்துகொண்டால் மாதா மாதம் வாங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக, நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

மருந்து ஏன் பெரும்பாலும் கையிருப்பில் இருக்கிறது என்பதற்குக் காரணம் 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுவதற்கும் மருந்தின் வேதிப்பெயரைச் சொல்லி மொத்தமாக டெண்டர் விடுவது, ஆய்வகத்தில் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே அனுப்புவது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் வைத்து அதன் ஒதுக்கீட்டில் கழிப்பது என்று அது இயங்குகிறது. வேறு பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய முறை இது. டெண்டர் மாறினால் மாத்திரையின் நிறமும் அட்டையும் மாறும். வயதானவர்கள் 'இது வேறு மாத்திரை' என்று நிறுத்திவிடுவார்கள், அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அட்டையில் உள்ள வேதிப்பெயரையும் மில்லிகிராமையும் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய, விலை கூடிய சர்க்கரை மாத்திரைகள் பல அரசுப் பட்டியலில் இருக்காது. தனியார் டாக்டர் அப்படி ஒன்றை எழுதியிருந்தால், பட்டியலில் உள்ளதற்கு மாற முடியுமா என்று அரசு மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

நாய்க்கடியும் இதே கதைதான். தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில் போட வேண்டும். ஆழமான காயம் என்றால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். அட்மிஷன் இல்லாததால் பாலிசி தராது. அரசு மருத்துவமனையில் காசு இல்லை. பாம்புக்கடிக்கு முதல் தவணையே வழக்கமாக 10 குப்பி விஷமுறிவு மருந்து. பல சிறிய தனியார் மருத்துவமனைகளில் அது கையிருப்பில் இருப்பதில்லை. கையில் எவ்வளவு பெரிய பாலிசி இருந்தாலும் முதலில் ஓட வேண்டிய இடம் அரசு மருத்துவமனைதான். அங்கேயும் இங்கேயும் ஆம்புலன்ஸை அலையவிட்டு நேரத்தைத் தொலைப்பதுதான் ஆபத்து. காசநோய், எச்.ஐ.வி., குழந்தைகளின் தடுப்பூசி ஆகியவற்றிலும் அரசு வழியே முறையானது. மருந்து விடுபட்டால் தேடி வந்து கேட்கும் ஏற்பாடு அங்கேதான் இருக்கிறது.

நெஞ்சுவலிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜூனிலிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளை (ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் சேர்த்து 14) கொடுத்து, 108இல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். எந்தத் தனியார் மருத்துவமனையில் கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டும் ஏற்பாடு) உண்டு என்று தேடி அரை மணி நேரம் போக்குவதைவிட இது மேல்.

சாலை விபத்துக்கு 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' இருக்கிறது. பதிவுபெற்ற தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. வருமான வரம்பு இல்லை, காப்பீட்டு அட்டை தேவையில்லை, வெளிமாநிலத்தவர் என்றாலும் சரி. தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்றிருந்த வரம்பைப் பின்னர் உயர்த்தினார்கள். 48 மணி நேரம் முடிந்ததும் மூன்று வழிகள்: அரசு மருத்துவமனைக்கு மாற்றுவது, முதல்வர் காப்பீட்டில் (கீழே வருகிறது) தொடர்வது, சொந்தப் பணத்திலோ பாலிசியிலோ தொடர்வது. இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. 40ஆவது மணி நேரத்திலேயே 'அடுத்து என்ன' என்று மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளின் ஐ.சி.யூ. பில் உங்கள் தலையில் விழும்.

சரி, அரசு மருத்துவமனை எங்கே சறுக்குகிறது? திறமையில் அல்ல. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு குடலிறக்க அறுவையைச் செய்யும் பேராசிரியர் அதை ஆயிரக்கணக்கில் செய்திருப்பார். பற்றாக்குறை நேரத்திலும் கட்டிலிலும்தான். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அறுவைகள் (குடலிறக்கம், பித்தப்பைக் கல், கருப்பை நீக்கம், மூட்டு மாற்று) தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அறுவை அரங்குக்கு விபத்துக் கேஸ் வந்தால் அன்றைய பட்டியல் கலையும். ஸ்கேன் கட்டணம் மலிவு: மருத்துவப் பணிகள் கழகத்தின் மையங்களில் சி.டி. 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய் என்ற அளவு. ஆனால் அவசரம் இல்லாத எம்.ஆர்.ஐ.க்குத் தேதிதான் தருவார்கள். ஓ.பி. பெரும்பாலும் காலையில் மட்டும், வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளம். உள்நோயாளிக்கு எப்போதும் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் தள்ளுவதிலிருந்து ரத்த மாதிரியை லேபில் கொடுப்பது வரை அவர்தான். சில வார்டுகளில் கைக்கு ஐம்பது நூறு எதிர்பார்ப்பதும் நின்றபாடில்லை. 104இல் புகார் செய்யலாம். இலவசம் என்ற சொல்லில் இந்தச் செலவுகள் தெரியாது. ஆனால் மொத்தத்தில் கடன் வாங்கும் அளவுக்குப் போகாது.

ஆக, பாலிசி உங்களுக்கு வாங்கித் தருவது முக்கியமாகத் தேதி, கட்டில், டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் வசதி. அதோடு, நள்ளிரவில் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குத்தான் போக முடிந்தது என்ற நிலையில் வரும் பில்லுக்குப் பாதுகாப்பு. 'உயர்ந்த வைத்தியம்' என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை அரசு கட்டுகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் (இத்தனை மாதம் கழித்துத்தான் பணம் என்ற நிபந்தனை) இல்லை. தனியார் பாலிசியால் இதற்கு ஈடுகொடுக்கவே முடியாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் (முன்பு 72,000). முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு இது பொருந்தாது. அம்மா உண்மையிலேயே ஊரில் தனி ரேஷன் கார்டோடு, சொற்ப வருமானத்தில் தனியாக இருந்தால் அவருடைய கணக்கு வேறு, அவருக்கு எடுக்கலாம். உங்களோடு இருப்பவரைக் காகிதத்தில் மட்டும் பிரிப்பது விசாரணையில் நிற்காது.

எடுப்பவர்களுக்கான நடைமுறை: இ-சேவை வழியாக வருமானச் சான்று (வி.ஏ.ஓ. விசாரணை உண்டு), ரேஷன் கார்டு, ஆதார். இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் பதிய வேண்டும். சிக்கல் பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும். ரேஷன் கார்டில் பெயர் இல்லாத மருமகளுக்கும் குழந்தைக்கும் அட்டை வேலை செய்யாது, கார்டில் பெயர் சேர்த்த பிறகுதான். அடுத்து, மருத்துவமனை திட்டத்தில் இருந்தாலும் உங்கள் நோய்க்கான பிரிவு அங்கே அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். இதயத்துக்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை எலும்பு முறிவுக்குப் பெற்றிருக்காது. மூன்றாவது, 'திட்டத்தில் வருவது போக மேலே இவ்வளவு கட்டுங்கள்' என்று கேட்பது. நிர்ணயித்த தொகுப்புத் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. பணம் கட்டும் முன்பே 1800 425 3993க்கு அழையுங்கள். கட்டிவிட்டால் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவை அதன் வழியாக வரும். அந்தப் பணம் மருத்துவமனைக்கும் போய்ச் சேரும்.

உங்கள் சம்பளம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) வரம்பான 21,000 ரூபாயையும் தாண்டியது. ஆக இலவசத் திட்டத்துக்கும் இ.எஸ்.ஐ.க்கும் மேலே, பெரிய பில்லைக் கைக்காசில் கட்டும் வசதிக்குக் கீழே இருக்கும் குடும்பம். தனியார் பாலிசியின் தேவை அதிகம் இருப்பது இந்த அடுக்குக்குத்தான்.

பாலிசியில் பணம் எங்கே நழுவுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது தானே தெரியும். பெரிய ஓட்டை அறை வாடகை. உச்சவரம்பு என்றால் அறை வாடகையில் மட்டும் வித்தியாசத்தைக் கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. 5 லட்சம் பாலிசியில் அறை வாடகை 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் 4 நாள் இருக்கிறீர்கள். அறை 32,000, சர்ஜன், மயக்க மருந்து மருத்துவர், தியேட்டர், நர்சிங் 1,20,000, மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவி 98,000. மொத்தம் 2,50,000. கம்பெனி அறைக்கு 20,000 தரும். சர்ஜன் முதலான 1,20,000க்கு எட்டில் ஐந்து பங்குதான், 75,000. காரணம், உயர்ந்த அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸும் தியேட்டர் கட்டணமும் அந்த அறை வகுப்புக்கு ஏற்ப ஏறும் என்பதால், அதே விகிதத்தில் அதையும் வெட்டுவார்கள். 98,000இல் கையுறை, கவச உடை, பதிவுக் கட்டணம் போன்ற தர முடியாத பொருட்கள் 8,000 என்றால் மிச்சம் 90,000. கைக்கு வருவது 1,85,000. நீங்கள் கட்டுவது 65,000. அறை வித்தியாசம் 12,000தான்; விகித வெட்டு மட்டும் 45,000.

இந்த வெட்டிலும் விதி இருக்கிறது. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றுக்கு விகிதம் போட்டு வெட்டக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் கூடாது. அறை வகுப்பைப் பார்த்து ஃபீஸை மாற்றாத மருத்துவமனை என்றால் வெட்டவே கூடாது. செட்டில்மென்ட் கடிதத்தில் இவற்றையும் சேர்த்து வெட்டியிருந்தால் இந்த விதியைச் சொல்லித் திரும்பக் கேட்கலாம். ஆனாலும் அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசி, அல்லது குறைந்தபட்சம் 'தனி அறை' என்று எழுதிய பாலிசி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மற்ற நோய்களுக்கான தனி வரம்பு (கண்புரைக்கு இவ்வளவு, மூட்டுக்கு இவ்வளவு), கோ-பே எனப்படும் நம் பங்குச் சதவீதம் ஆகிய இரண்டையும் அதே பக்கத்தில் தேடுங்கள். போனஸ், இலவச ஹெல்த் செக்கப், ஜிம் தள்ளுபடி எல்லாம் விளம்பரத்துக்கு.

அடுத்தது காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த முதல் 30 நாட்களுக்கு விபத்து தவிர எதுவும் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூலம், கல், மூட்டு மாற்று போன்ற பட்டியல் நோய்களுக்குப் பெரும்பாலும் 24 மாதம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு முன்பு 48 மாதம் வரை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதம். அதாவது அம்மாவின் சர்க்கரையால் வரும் சிறுநீரகப் பாதிப்புக்கோ பாதப் புண்ணுக்கோ நான்காம் ஆண்டில்தான் பணம். நோய் வந்த பிறகு எடுக்கலாம் என்பது ஏன் நடக்காது என்பது இதில் தெரியும்.

சர்க்கரையை மறைத்து எடுக்கலாமா என்று கேட்பார்கள். சில ஏஜென்ட்டுகளே 'எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்' என்பார்கள். செய்யாதீர்கள். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகுதான், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்ததைக் காரணம் காட்டி கம்பெனி மறுக்க முடியாது. அதற்கு முன் மாட்டினால் கிளெய்மும் போகும், பாலிசியும் போகும். மாட்டுவது எப்படி என்றால் மருத்துவமனையில் எழுதும் கேஸ் ஷீட்டில். அட்மிஷனில் பயிற்சி மருத்துவர் 'சர்க்கரை எத்தனை வருஷமா?' என்று கேட்பார். பக்கத்தில் இருக்கும் உறவினர் 'பத்து வருஷம் இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்வார். அது அப்படியே பதிவாகும். பாலிசியில் 6 வருடம் என்று எழுதியிருந்தால் அதுவே முரண்பாடு. குடிப்பழக்கமும் அப்படித்தான்: என்றோ விட்டவருக்குக்கூட 'குடிப்பவர்' என்று ஒரு சொல் விழுந்தால் கல்லீரல் சம்பந்தப்பட்ட கிளெய்மைத் தூக்கிவிடுவார்கள். நோயின் தொடக்க ஆண்டை முதல் மருந்துச் சீட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்து, பாலிசி விண்ணப்பத்திலும் மருத்துவமனையிலும் அதையே சொல்லுங்கள். விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும், பாலிசியோடு வரும் நகலை வரி வரியாகப் பாருங்கள். தவறிருந்தால் 30 நாளுக்குள் திருத்தலாம், பிடிக்கவில்லை என்றால் ரத்தும் செய்யலாம்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். பாலிசியில் 'எஸ். செல்வி', ஆதாரில் 'செல்வி சுப்பிரமணி', மருத்துவமனைப் பதிவில் 'செல்வி பழனி' (கணவர் பெயர்) என்று இருந்தால் மூன்று பேராகிவிடுவார். ஆதாரில் உள்ளபடியே பாலிசி, ஆதாரில் உள்ளபடியே அட்மிஷன். பிறந்த தேதியும் அப்படியே.

கேஷ்லெஸ் நடப்பது இப்படி. திட்டமிட்ட அறுவை என்றால் 2, 3 நாள் முன்பே மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் டாக்டரின் குறிப்பு, பரிசோதனை முடிவுகள், அடையாள அட்டை, பாலிசி எண் கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாத விதிப்படி முதல் அனுமதி 1 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதி 3 மணி நேரத்துக்குள். அதற்கு மேல் தாமதமாகி அறை வாடகை கூடினால் கூடுதலைக் கம்பெனியே ஏற்க வேண்டும். நடைமுறையில் தாமதம் பாதி மருத்துவமனையிலேயே நடக்கிறது: பில்லிங் முடித்து அனுப்பாமல் மதியம் வரை வைத்திருப்பார்கள். எத்தனை மணிக்குக் கம்பெனிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அனுமதி சிறு தொகையாக வந்தால் பயப்பட வேண்டாம், இறுதி பில்லின்போது உயர்த்தி வாங்குவார்கள். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது என்றால் கிளெய்மே போனது என்று பொருள் அல்ல. பணம் கட்டிவிட்டுப் பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி, வகை பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டோடு மருந்து பில், எல்லா ரிப்போர்ட்டும், பொருத்திய கருவியின் ஸ்டிக்கர், விபத்தானால் காவல்துறைப் பதிவு ஆகியவற்றின் மூலப்பிரதி வேண்டும். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கேட்கும் மறுப்பு 'பரிசோதனைக்காக மட்டுமே சேர்க்கப்பட்டார்' என்பது. காய்ச்சலுக்கு இரண்டு நாள் சேர்த்து வெறும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்து மாத்திரையோடு அனுப்பினால் இந்தப் பதில் வரும். நரம்பு வழி மருந்தோ, வீட்டில் வைத்துச் செய்ய முடியாத சிகிச்சையோ தேவைப்பட்டது ஏன் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே படித்துக் கேட்டு வாங்குங்கள், அடுத்த வாரம் போனால் யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு. அலுவலகக் காப்பீட்டை விட வேண்டாம். அதில் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இருக்காது, பல இடங்களில் பிரசவச் செலவும் வரும். ஆனால் வேலையோடு அதுவும் போகும். வேலையை விடும்போது அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கும் வழி உண்டு, கடைசி நாளுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். நீங்கள், மனைவி, மகள் மூவருக்கும் 5 லட்சத்துக்கு ஒரு குடும்ப பாலிசி, அதன் மேல் 5 லட்சம் கழிவுள்ள (முதல் 5 லட்சம் போக, அதற்கு மேல் வரும் பில்லைத் தரும்) சூப்பர் டாப்-அப். வெறும் டாப்-அப் வேண்டாம்: அதில் ஒரே அட்மிஷனின் பில் 5 லட்சத்தைத் தாண்டினால்தான் பணம், சூப்பர் டாப்-அப்பில் ஆண்டு முழுவதும் வந்த பில்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். பெரிய தொகைக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிட இந்த ஜோடி பொதுவாக மலிவு.

அம்மாவை இதே குடும்ப பாலிசியில் சேர்க்காதீர்கள். பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்துக் கணக்கிடப்படும், அவருடைய ஒரு அட்மிஷனில் எல்லோருடைய தொகையும் கரையும். தனியாக எடுங்கள். சர்க்கரை, பி.பி. இரண்டையும் எழுதிக் கொடுத்தால் பரிசோதனை கேட்பார்கள், பிரீமியத்தைக் கூட்டலாம், சில கம்பெனிகள் மறுக்கலாம். கட்டுப்படியாகாவிட்டால் எல்லாப் பொது, உடல்நலக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்க வேண்டிய பொதுவடிவ பாலிசியான ஆரோக்கிய சஞ்சீவனியைக் கேளுங்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் உங்கள் பங்கு, அறை வாடகை 2 சதவீதம், அதிலும் நாளுக்கு 5,000க்கு மேல் இல்லை. நகரத்துப் பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைக்குப் பற்றாது. திருச்சியில் நடுத்தர மருத்துவமனையின் சாதாரண அறைக்குப் பற்றும். அதுவும் முடியாவிட்டால் அந்தப் பிரீமியத் தொகையை அம்மா பேரில் தனிக் கணக்கில் போட்டுவைத்து, மாதாந்திர மருந்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம், பெரிய பிரச்சினைக்குத் திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று முடிவெடுப்பதில் தவறொன்றும் இல்லை. அறுபது கடந்த சர்க்கரை நோயாளிக்கு மூன்று ஆண்டுக் காத்திருப்போடு கூடிய மிக விலையுயர்ந்த பாலிசி பல வீடுகளில் கணக்குக்கு ஒத்துவராது. பாலிசி எடுத்தாலும் அந்த மூன்று ஆண்டுக்கு அரசு மருத்துவமனையையும் கையிருப்பையும் நம்பித்தான் இருக்க வேண்டும்.

வரி விஷயம் சுருக்கமாக: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. பழைய வருமானவரி முறையில் இருந்தால் 80டி பிரிவில் உங்கள் குடும்பத்துக்கு 25,000, அறுபது வயது கடந்த அம்மாவுக்கு 50,000 வரை கழிக்கலாம். அம்மாவுக்குப் பாலிசியே இல்லையென்றால் அவருக்குச் செய்த மருத்துவச் செலவையே அந்த 50,000க்குள் காட்டலாம் (ரொக்கமாகக் கட்டியது செல்லாது). புதிய வரி முறையில் இவை எதுவும் இல்லை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் போனில் சண்டை போடுவதில் பயனில்லை. எந்தப் பாலிசி விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம், தொலைபேசி 155255. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். 50 லட்சம் வரையான வழக்குகளை எடுப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம். அங்கே செல்லுபடியாவது டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் மருந்துச் சீட்டு, விண்ணப்ப நகல் ஆகிய மூன்றும்தான்.

இந்தப் புகார் நடக்கும்போதே புதுப்பிப்புத் தேதி வந்துவிடும். கோபத்தில் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, ஆனால் அந்த இடைவெளியில் வரும் நோய்க்குப் பணம் கிடைக்காது. அதையும் தாண்டிவிட்டால் அம்மாவின் 36 மாதக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் புதுப்பிப்புக்கு 45 நாள் முன்பே வேறு கம்பெனிக்கு மாற்றக் கேளுங்கள். காத்த மாதங்கள் அங்கேயும் கணக்கில் வரும்.